நாடா கட்டிய இடம்

அந்த வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குத் தோல் டாக்டர் என் மகளின் பாதத்தைக் கீழே விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க எதுக்கும்மா வந்ததுலேருந்து இடுப்பையே சொறிஞ்சிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டார். அவர் தலைக்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அதைத்தான் பார்த்தேன். அதனால் மணி நினைவில் நிற்கிறது.

அதுவரை எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வந்தது மகளுக்காக. அவளுடைய இடது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று மேலே, ஒரு மச்சம். பிறந்தபோதே இருந்ததா, பிறகு வந்ததா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளையின் உள்ளங்காலை யார் உற்றுப் பார்த்திருக்கிறார்கள்? டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் பார்த்தார், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். "சாதா மச்சம். அது பாட்டுக்கு இருக்கட்டும். பெருசாச்சுன்னா, ஓரம் கோணிச்சுன்னா, ரத்தம் கசிஞ்சுதுன்னா வாங்க" என்றார். மாதக்கணக்கில் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. அப்போதே எழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அந்தச் சந்தோஷத்தில் என் கை என் பேச்சைக் கேட்காமல் இடுப்புக்குப் போயிருக்கிறது.

"சொறியலீங்களே" என்றேன், சொறிந்துகொண்டே.

நான் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிட்டால் மேலே உள்ளது எளிதில் புரியும். பெருமுக்கல் போகிற வழியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வாரப் பத்திரிகை வந்தால் எல்லோரும் தொடர்கதையைத் திருப்புவார்கள். நான் மருத்துவப் பக்கத்தைத் திருப்புவேன். வெள்ளிக்கிழமை படித்த வியாதி சனிக்கிழமை மாலைக்குள் எங்கள் வீட்டில் யாருக்காவது வந்துவிடும். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் கணவர், பத்திரிகை வாங்கி வரும்போதே வாசலில் நின்று, "இந்தா, இந்த வாரம் யாருக்கு இன்னான்னு பார்த்துச் சொல்லு. சம்பளத்துல எடுத்து வெக்கணும்" என்பார்.

அப்படி ஒரு வாரம் வந்ததுதான் மச்சம். சில மச்சங்கள் கெட்டதாக மாறக்கூடும், நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்களுக்கு உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வருவதைக் கவனிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அன்று மாலையே கல்லூரிவிட்டு வந்த மகளைக் கட்டிலில் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பார்த்தால், இருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடத்து அடிஸ்கேலை வைத்து அளந்தேன். ஒரு வாரம் வளர்ந்திருக்கும், மறுவாரம் சுருங்கியிருக்கும்.

"நீ கூச்சப்பட்டு காலை இழுக்கற. அதான் அளவு மாறுது" என்பேன்.

"மச்சம் வளருதா, ஒனக்குப் பைத்தியம் வளருதான்னு மொதல்ல அளந்து பாரும்மா" என்பாள் அவள்.

உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு. மகள் விழுப்புரத்தில் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். "பலிச்சிடுச்சி பாரு. இதுக்கு மேல இன்னா வோணும்?" என்று அவள் அப்பா அந்தப் பேச்சை முடிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. வியாழக்கிழமைகளில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு தோல் டாக்டர் விழுப்புரத்துக்கு வந்து பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

இழுத்துக்கொண்டு என்று சொல்லக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் தோல் டாக்டரிடம் போவது என்பது ஒளிந்து போகிற காரியம். பலகையிலேயே தோல் நோய், தொழுநோய், பால்வினை நோய் என்று மூன்றையும் ஒன்றாக எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பலகைக்குக் கீழே கல்யாண வயதுப் பெண்ணோடு உட்கார்ந்திருப்பதைத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால், மூன்றில் எது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். அதனால்தான் உள்ளூரை விட்டு விழுப்புரம். போய்ப் பார்த்தால் காத்திருக்கும் கூடத்தில் பாதிப் பேர் உள்ளூரை விட்டு வந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லோரும் எதிர்ச் சுவரில் இருந்த பல்லியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்த ஒருவர் பக்கம் திருப்பும்போது மாட்டிக்கொண்டார். எங்கள் தெருக்காரர், மளிகைக் கடை வைத்திருப்பவர்.

"கண்ணு பாக்கலாம்னு வந்தேங்க" என்றார், கேட்காமலே.

"நாங்களும் கண்ணுதாங்க" என்றார் என் கணவர்.

இரண்டு பேரும் கண் வியாதியைப் பற்றி மிகுந்த மரியாதையோடு கொஞ்ச நேரம் பேசினார்கள். மகள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அப்புறம் கடைக்காரர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் முழங்கையைச் சொறிந்துகொண்டே கண்ணைக் காட்ட உள்ளே போனார்.

எங்கள் முறை வந்தபோது கணவர் வெளியிலேயே நின்றுவிட்டார். பெண்பிள்ளைகள் காட்டுகிற இடத்தில் தனக்கென்ன வேலை என்றார். டீக்கடையில் அவருக்கு வேலை இருந்தது.

இப்போது டாக்டர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

"அது ஒண்ணுமில்லீங்க. பாவாடை நாடா கட்டற எடம். கொஞ்சம் அரிக்கும். எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான்."

"எல்லாருக்கும் இருக்குதுன்னு எப்படித் தெரியும்? பாத்திருக்கீங்களா?"

இதற்கு ஓர் ஆசிரியையால் என்ன பதில் சொல்ல முடியும்? நான் மகளைப் பார்த்தேன். அவள் இதற்காகவே மாதக்கணக்காகக் காத்திருந்தவள்போல், "பாருங்க டாக்டர். எனக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கால் அளக்கறாங்க. அவங்க மட்டும் ராத்திரி ராத்திரி தேங்காண்ணெய தடவிக்கினு ஊதிக்கினு இருக்காங்க" என்றாள்.

திரைக்குப் பின்னால் போகச் சொன்னார். நர்சம்மா ஒருவர் இருந்தார், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட பெரிய உடம்புக்காரர். நான் படுத்துக்கொண்டு புடவையை ஓர் அங்குலம் இறக்கிக் காட்டினேன்.

"இன்னாம்மா இவ்ளோ கஞ்சத்தனம்? டாக்டரு உங்க இடுப்ப எடுத்துக்கினு பாண்டிக்கா பூடப்போறாரு?" என்று சொல்லி அவரே நாடாவை அவிழ்த்தார்.

அந்த இடத்தை நானே நல்ல வெளிச்சத்தில் பார்த்ததில்லை. கிணற்றுக் கட்டையில் கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுமே, அப்படி இடுப்பைச் சுற்றி ஒரு கோடு. கருத்துத் தடித்திருந்தது. வலப்பக்கம், நான் முடிச்சுப் போடுகிற இடத்தில், தோல் வெடித்துப் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புண். கல்யாணமான நாளிலிருந்து ஒரே இடம், ஒரே முடிச்சு. நிற்கும் தொழில், கரும்பலகையில் எக்கி எழுதும் தொழில். புடவை நழுவிவிடக் கூடாது என்று இறுக்கிக் கட்டுவது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

டாக்டர் லென்ஸை வைத்தார். மகளின் மச்சத்துக்குப் பேசிக்கொண்டே பார்த்தவர், இப்போது பேசவில்லை. விளக்கை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தார். புண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"வரும், ஆறிடும். திரும்ப வரும்."

"கடைசியா முழுசா ஆறினது எப்ப?"

யோசித்தேன். மழைக்காலத்திலா, அதற்கு முந்தைய கோடையிலா? மகளின் மச்சம் எந்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு இருந்தது என்று கேட்டிருந்தால் ஒப்பித்திருப்பேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக நாடா உராய்ந்தால் தோல் தடித்து, வெடித்து, புண்ணாகும். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ரொம்ப அபூர்வமாக, அந்தத் தழும்பிலேயே கேன்சர் வருவதும் உண்டு. "உங்களுக்கு இருக்குன்னு சொல்லல. ஆனா ஆறாத புண்ண நான் நம்பமாட்டேன். அரிசி அளவுக்குச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிட்டா தெரிஞ்சிடும். ரிசல்ட் வர ரெண்டு வாரம் ஆகும்."

அவர் சொன்னதில் பெரும்பாலும், அபூர்வமாக, இல்லை என்பதெல்லாம் என் காதில் விழவில்லை. ஒரு சொல் மட்டும் விழுந்தது.

என் கணவரைக் கூப்பிட்டு வரச் சொன்னார்கள். டீக்கடையில் உரித்துத் தின்ற மல்லாட்டையின் தோல் சட்டையில் ஒட்டியிருக்க உள்ளே வந்தார்.

"பாப்பாவுக்கு இன்னா சொன்னாரு?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

"அதானே. வந்த எடத்துல உனக்கும் ஒண்ணு புடிச்சிக்கினியா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், டாக்டர் சிரிக்காததைப் பார்த்தார். வாய் சிரிப்பிலேயே இருந்தது. கண் மட்டும் நின்றுவிட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். வலிக்கவில்லை. சதையை எடுத்து மருந்து ஊற்றிய சின்னப் புட்டியில் போட்டு மூடினார்கள். ஒரு தையல். "புட்டிய உங்க கையில குடுக்கமாட்டோம், பயப்படாதீங்க" என்றார் நர்சம்மா. எனக்கு அப்படி ஒரு பயம் அதுவரை இருக்கவில்லை.

டாக்டர் என் கணவரிடம் திரும்பினார். "சார், நீங்க அரைஞாண் கட்டியிருக்கீங்களா?"

"கட்டாம?"

"அப்ப நீங்களும் படுங்க. அதுவும் கயிறுதானே?"

திரைக்குப் பின்னால் என் கணவர் படுத்த சத்தமும், "கூசுதுங்க, கூசுதுங்க" என்ற சத்தமும் கேட்டன. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு ஒன்றும் இல்லை. கயிற்றைத் தளர்த்திக் கட்டச் சொல்லி அனுப்பினார். ஆணாகப் பிறந்தவன் இடுப்பில் கயிறில்லாமல் இருக்கலாமா என்று என் கணவர் கேட்டுப் பார்த்தார். கயிறு இருக்கலாம், இறுக்கமாக இருக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள். கொடுத்ததுமே விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் ஜன்னலோரத்துக்கு எப்போதும் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டைதான் நடக்கும். விக்கிரவாண்டி தாண்டியதும் அவர் மெதுவாக, "அது இருக்காது" என்றார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அது'. யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வாரப் பத்திரிகையும் அந்த இரண்டு வாரம் வரவில்லை. கேட்டால், "கடையில தீந்து பூடுச்சாம்" என்றார் என் கணவர். எங்கள் ஊரில் அந்தப் பத்திரிகை தீர்ந்ததாகச் சரித்திரமே இல்லை.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் நான்கு பேர் ஆசிரியைகள். ஒரு மாதிரியாக இருக்கிறேனே என்று தையல் டீச்சர்தான் கேட்டார். அவர் திண்டிவனத்துக் கத்தோலிக்கக் குடும்பம், எனக்கு மூத்தவர், எதையும் பாதியில் விடாதவர். சொன்னேன். டாக்டர் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

"எல்லாருக்கும் இருக்குதான்னு கேட்டாரா? அப்ப பாத்துடலாமே" என்று அவர் எழுந்துபோய் ஓய்வறைக் கதவைத் தாழ் போட்டார்.

அப்படித்தான் எங்கள் பள்ளியில் அந்தப் பரிசோதனை நடந்தது. முதலில் தையல் டீச்சர் தன்னுடையதைக் காட்டினார். கறுப்பு வளையம், புண் இல்லை. அடுத்து ஒன்றாம் வகுப்பு டீச்சர், கல்யாணமாகி ஒரு வருஷம். லேசாகச் சிவந்த கோடு. "இவங்களுக்கு இன்னும் கன்னி கழியல" என்று தையல் டீச்சர் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. தலைமையாசிரியர்.

"உள்ள இன்னா நடக்குது? மணி அடிச்சாச்சே."

"புடவை பாக்கறோம் சார்" என்றார் தையல் டீச்சர்.

வெளியே காலடி இரண்டு எட்டு போய்த் திரும்பி வந்தது. பிறகு, "நல்லதா இருந்தா ஒண்ணு எடுத்து வெய்ங்க. வூட்ல கேட்டுக்கினே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கணக்கு டீச்சர் மட்டும் காட்டவில்லை. தலைவலி என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மறுநாள் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, யாரும் இல்லாதபோது வந்து, "அந்த டாக்டரு வியாழக்கெழமைதானே வராரு?" என்று கேட்டார். "எனக்குக் கண்ணு கொஞ்சம் காட்டணும்." மளிகைக் கடைக்காரர் கதையைச் சொல்லி நான் எல்லோரையும் சிரிக்க வைத்தபோது அவரும் அங்கே இருந்தார். நானும் முகத்தை மாற்றாமல், கண்ணுக்கு மிகவும் நல்ல டாக்டர் என்றேன்.

தையல் டீச்சர் சும்மா இருப்பாரா? நாடாவே கூடாது என்று முடிவெடுத்து, நான்கு விரல் அகலத்தில் துணிப்பட்டை வைத்து, கொக்கி போட்டு, எனக்கு இரண்டு பாவாடை தைத்துக் கொடுத்தார். புண்ணின் மேல் படாமல் மேலே ஏற்றிக் கட்டச் சொன்னார். இத்தனை வருஷம் தூக்குக் கயிற்றைப் போல இறுக்கிக் கட்டிய எனக்கு, எதுவுமே கட்டாத மாதிரி இருந்தது. திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் முந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, இரண்டு முழங்கைகளாலும் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். டீச்சருக்கு வயிற்றுவலி என்று வகுப்பில் பேசிக்கொண்டார்களாம். ஒரு பெண் வீட்டிலிருந்து ஓமம் கொண்டுவந்து கொடுத்தாள்.

இதையெல்லாம் இப்போது சிரிப்பாக எழுதுகிறேன். அப்போதும் பகலில் சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கேற்றினால்தான் பிடித்துக்கொள்ளும். ஒரு சாயங்காலம் அடுப்படியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். என் கணவர் டப்பாக்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிக்குள் வராதவர்.

"இன்னா தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. கேப்பை மாவு எதுல இருக்குது, அரிசி மாவு எதுல இருக்குதுன்னு பாத்தேன்."

"எதுக்கு?"

"சும்மா. தெரிஞ்சி வெச்சிக்கலாம்னு."

சொல்லிவிட்டு அவருக்கே அது எப்படிக் கேட்கிறது என்று புரிந்துவிட்டது. டப்பாவை மாற்றி மூடினார். நான் வாசலுக்கு வந்து, உலர்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தேன். கேப்பை மாவு டப்பாவுக்கு அரிசி மாவு மூடி. வெகுநாள் அது அப்படியேதான் இருந்தது. மாற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை. மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த மனிதர் அவளுக்கு எந்த மாவில் என்ன செய்து போடுவார்? என் பயம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். உயிர், சாவு என்று பெரிதாக எதையும் நான் யோசித்ததாக நினைவில்லை.

வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் பாவாடை கட்டும்போது கை அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறது. தோலில் எங்கே எது ஆறாமல் இருந்தாலும், அது எனக்கானாலும் பக்கத்து வீட்டுக்காரிக்கானாலும், வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காமல் விடமாட்டேன். பெண்களைப் பார்த்தால், இடுப்பில் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். ஒரு கல்யாண வீட்டில் சம்பந்தியம்மாளிடம் கேட்டதற்கு மகள் என்னைக் கிள்ளினாள்.

ரிசல்ட் வரவேண்டிய அந்த வியாழக்கிழமை நான் போகவில்லை. பள்ளியில் அரைப் பரீட்சை, லீவு கிடைக்காது என்றேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அந்தக் கடிகாரத்துக்குக் கீழே மறுபடியும் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. என் கணவர் போனார். கண்ணைக் காட்டுவதற்காகக் கணக்கு டீச்சரும் அவருடைய வீட்டுக்காரரும் அதே பஸ்ஸில் போனார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். பள்ளி விட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அவர் வந்திருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிற்கும் முனை தெரியும். விழுப்புரத்துப் பஸ் ஒவ்வொன்றும் வந்து நின்று, குடை விரித்தவர்களை இறக்கிவிட்டுப் போனது. அவர்களில் இவர் இல்லை. நல்ல சேதி என்றால் ஓடி வந்திருக்க மாட்டாரா? கெட்ட சேதியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்தான் மெல்ல வருவார் என்று நினைத்தேன். நான் இன்னும் சில காரணங்களையும் கண்டுபிடித்தேன். அந்தக் கலையில் எனக்குப் பயிற்சி உண்டு.

மளிகைக் கடைக்காரரின் மனைவி வந்து, "இன்னா டீச்சர், மழையில வாசல்லயே நிக்கறீங்க?" என்றார். காற்றுக்கு என்றேன். சாரலில் என் புடவை பாதி நனைந்திருந்தது.

மகள் என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. என்னை எப்படியாவது பேச வைக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, "அம்மா, ஒருவேளை ஏதாவதுன்னா, அந்தச் செவப்புப் பட்டுப் புடவை எனக்குத்தானே? சித்திக்குக் குடுத்துடாதே" என்றாள்.

"எடுத்துக்கோ. நாடா மட்டும் இறுக்கிக் கட்டாதே" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. பத்தொன்பது வயதுப் பெண்; ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பிடுங்கிக்கொள்கிறவள், இப்போது என் இடுப்பில் தையல் போட்ட பக்கம் படாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

இருட்டிய பிறகு வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்தோம். யாரும் வாசலுக்குப் போகவில்லை. அவரே உள்ளே வந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டி முழங்கால்வரை சேறு. பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றுவிட்டதாம், பின்னால் வந்த லாரியில் மேலே உட்கார்ந்து வந்தாராம். இதெல்லாம் அவர் பிறகு சொன்னது. அப்போது மூச்சு வாங்க நின்றார். என் முகத்தைப் பார்த்தார். வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று யோசித்து வைத்திருந்திருப்பார், வந்தது இரண்டே சொல்.

"அது இல்லியாம்" என்றார்.

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவாப்பா? டாக்டரே சொன்னாரா?" என்று கேட்டாள்.

"அவருதான் சொன்னாரு. நாள்பட்ட புண்ணு, அவ்ளோதானாம். களிம்பு குடுத்திருக்காரு, போட்டா ஆறிடுமாம். கணக்கு டீச்சருக்கும் அதே களிம்புதான்." முகத்து ஈரத்தைக் கையால் வழித்து எறிந்தார். அது மழை மட்டுமா என்று நான் கேட்கவில்லை. குரல் கொஞ்சம் பழைய குரலாகிவிட்டிருந்தது. "ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்டணுமாம். நீ மட்டும் இல்ல, மூணு பேரும். உன்னை மாதிரியே அவருக்கும் வூட்டுக்கு ஒரு வியாதிக்காரரு பத்தல."